அழித்த டிரைவில் கீழ் லயம்

சுழல்கிற பாகம் எதுவுமே இல்லாத டிரைவ் அது. ஆனாலும் லேப்டாப்பின் அடியிலிருந்து, ஈரப் பலகையை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வினோதா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருக்க வேண்டிய இடம் சில்லென்றிருந்தது.

மண்சரிவு ஆபத்தை அளக்கும் பொறியியலாளர் அவள். அக்கரப்பத்தனையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னாலிருக்கும் மலையின் முப்பரிமாண வரைபடத்தை நாளைக்குள் முடிக்க வேண்டும். அந்த வேலைக்கு லேப்டாப்பின் வேகம் போதாமல், புது டிரைவ் போடத்தான் காலையில் ஹட்டன் டவுனுக்குப் போனாள். லேப்டாப்பில் டிரைவ் போட இரண்டே இடம். கடைக்காரன் கிஷாந்த் ஒன்றில் புதியதைப் பொருத்திவிட்டு, மற்றதில் இருந்த பழையதைப் பார்த்தான்.

"இது நெறஞ்சிருக்கே மிஸ். வேகத்துக்கு ரெண்டையும் சேத்து ஓட்டணும்னா இத அழிக்கணும். என்ன இதுல?"

"கீழ் லயத்த அளந்தது."

கீழ் லயம் இப்போது இல்லை. அளந்து முடித்த சில நாட்களில் மலை இறங்கி, உள்ளே இருந்தவர்களோடு அதை மூடிவிட்டது. மேலே புல்லும் முளைத்துவிட்டது. எந்த வாசல் எங்கே இருந்தது என்பது இனி அந்த டிரைவுக்கு மட்டுமே தெரியும்.

"சின்னதா இன்னொன்னு தர்றேன், அதுல காப்பி எடுத்து வச்சுக்கங்க. ஒரு டீ குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிரும்."

"பஸ் போயிரும் தம்பி. அழிச்சிட்டே போடுங்க. எனக்கு வேகந்தான் வேணும்."

"மலையவே பொட்டிக்குள்ள அடைக்கிறீங்க, ஒரு டீக்கு நேரமில்லையா?" சிரித்துக்கொண்டே அழித்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நாகலெட்சுமியின் முகம் நினைவுக்கு வந்தது. கீழ் லயத்தில் மகளைப் பறிகொடுத்தவர். பிள்ளையின் உடல் கிடைக்கவே இல்லை. "திவசத்தன்னிக்கு எங்க வாசல் இருந்த எடத்தக் காட்டிருங்க மிஸ். வெளக்கு வைக்கணும். புள்ள இருட்டுல கெடக்குது" என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். வினோதாவும் தலையாட்டியிருந்தாள்.

திவசம் இன்றைக்கு. ஒரு தேநீர் நேரத்தை அந்தத் தாய்க்குக் கொடுத்திருக்கலாம்.

மூடுபனி இறங்கி குவாட்டர்ஸ் ஜன்னலை அடைத்தது. அறைக்குள் தேயிலைக் கொழுந்து வாசனையோ மழை வாசனையோ இல்லை. அப்போதுதான் வெட்டிய குழியின் வாசனை. திரையில், காலியாக்கிய டிரைவ் தானாக நிரம்பிக்கொண்டிருந்தது. மேல் லயத்து மலை வரவேண்டிய இடத்தில் ஒரு நீளக் கூரை வந்தது. அதன் கீழ் வரிசையாக வாசல்கள்.

கீழ் லயம்.

ஆனால் பழைய இடத்தில் இல்லை. மேலே அவளுடைய குவாட்டர்ஸின் தகரக் கூரை. நேர் கீழே, மண்ணுக்குள், அது.

லேப்டாப்பை அணைத்தாள். திரை இருண்டது. சத்தம் நிற்கவில்லை.

லேப்டாப்பிலிருந்து இல்லை.

தரையிலிருந்து.

கதவு தட்டப்பட்டது. நாகலெட்சுமி, கையில் அகல் விளக்கோடு.

"எடம் பாத்துட்டீங்களா மிஸ்?"

"அக்கா... நான் அழிச்சிட்டேன். அவசரத்துல. மன்னிச்சிருங்க."

நாகலெட்சுமி தரைப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல உட்கார்ந்து, விளக்கை ஏற்றி, இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியின் ஓரத்தில் வைத்தார்.

"இங்கயா இருக்க, தாயி?"

சுரண்டல் நின்றது. சுடர் இடைவெளிக்குள் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. கீழே யாரோ மூச்சு விடுவதுபோல.

பிறகு அடுத்த பலகைக்கடியில் சுரண்டல் தொடங்கியது. அதற்கடுத்ததில். சுவரோரம். கட்டிலுக்கடியில். வினோதாவின் பாதத்துக்கடியில். ஒரு லயம் முழுக்க.

விளக்கு ஒன்றுதான் இருந்தது.