எழில் சொல்லும் நிறம்

எழிலின் வீடியோ கேம் கன்ட்ரோலர் மெத்தைமேல் தானாக அதிர்ந்தது. அதில் பேட்டரி இல்லை. கூடத்துக் கடிகாரம் நின்றுபோனபோது மனைவி ரேவதி அதைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டுவிட்டாள். மகள் எழில் போய்ச்சேர்ந்து மூன்று மாதமாகிறது, இனி யார் அதைத் தொடப்போகிறார்கள்?

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆனந்தன் தன் கன்ட்ரோலரை இறுகப் பிடித்துக்கொண்டான். பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்து சாயங்கால மழை வந்துகொண்டிருந்தது. காயாத துணியின் வாடையும், அண்ணனூரைத் தாண்டிப் போகும் மின்சார ரயிலின் ஊளையும் மூடிய ஜன்னலை மீறி மெல்ல மெல்ல அறைக்குள் நிறைந்தன. டிவியில், தலைகீழாகத் தொங்கும் படிக்கட்டுகளுக்கு நடுவே, அந்த விளையாட்டின் நிறமில்லாத சிறுமி இரண்டு கதவுகளுக்கு முன்னால் நின்றாள். எழில் பாதியில் விட்டுப்போன இடம்.

ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பச்சையைத் திறந்தால் சிறுமி வீடு சேர்வாள். மாற்றித் திறந்தால் எழில் ஆடியதெல்லாம் அழிந்துவிடும். ஆனந்தனுக்கு இரண்டும் ஒரே மண் நிறம். பிறவிக் கோளாறு. விளையாட்டிலும் சரி, ரோட்டிலும் சரி, அவனுக்கு நிறம் சொன்னது மகள்தான்.

விபத்து நடந்த அன்றைக்கும் இதே மழை. விளையாட்டை நிறுத்தி ட்யூஷனுக்கு இழுத்துப்போன கோபத்தில் எழில் வண்டியின் பின்சீட்டில் உம்மென்று வந்தாள். சிக்னல் ஒற்றைப் பொட்டாகக் கலங்கித் தெரிந்தது. “இன்னா கலரும்மா?” என்று கேட்டான். பதில் இல்லை. வண்டியை விட்டான். வீட்டிலிருந்த ஒரே ஹெல்மெட் அவன் தலையில் இருந்தது.

கோபத்தில் பேசாமல் இருந்துவிட்டாள் என்றுதான் ரேவதியிடம் சொன்னான். அதையே சொல்லிச் சொல்லித்தான் இன்னும் உயிரோடு இருக்கிறான், பாவி.

கன்ட்ரோலர் மறுபடி அதிர்ந்தது. நகர்ந்தது. அவன் தொடையைத் தொட்டு நின்றது.

“லெஃப்ட்டுப்பா. அதான் பச்ச.”

காதருகே. ஈர மூச்சு.

அழுத்தினான். கதவு திறந்தது. சிறுமி உள்ளே போனாள். திரை இருண்டது.

“அன்னிக்கு மட்டும் ஏம்மா சொல்லல?” இருண்ட திரையைப் பார்த்தபடி கேட்டான்.

“சொன்னேனேப்பா. செவப்பு, செவப்புன்னு ரெண்டு வாட்டி கத்துனேன். ஹெல்மெட்டுல உனக்குத்தான் கேக்கல.”

அவன் முதுகில் ஒரு கன்னம் சாய்ந்தது. சட்டை நனைந்தது. திரும்பத் தைரியமில்லை. குனிந்தான்.

வயிற்றைச் சுற்றிக் கோத்திருந்த சின்ன விரல்களிலிருந்து, நாற்பத்து நான்கு வருடத்தில் அவன் ஒருமுறையும் கண்டிராத ஒரு நிறம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.