இரண்டாவது சங்கிலி

அவள் அந்த நிறுவனத்தின் இன்னும் திறப்பு விழா நடக்காத அரங்கத்துக்குள் நுழைந்தபோது, உயரமான கண்ணாடிச் சன்னல்கள் வழியே பிற்பகல் வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. புதுக் கம்பளத்தின் பசை நாற்றம் தொண்டையைப் பிடித்தது. ஒருவர் கைதட்டினால் சுவர்களும் சேர்ந்து தட்டும் அரங்கம் அது. நிறுவனத் தலைவர் அதற்காகவேதான் கட்டினார் என்று ஊழியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

எந்த மண்டபத்துக்கு எந்த ஒலிபெருக்கி, அதை எங்கே மாட்டுவது, எந்தக் காதை நோக்கித் திருப்புவது என்று தீர்மானிப்பது அவள் தொழில். போன வருடம் இதே மேடைக்கு மேலே ஒலிபெருக்கிப் பெட்டி மாட்ட வந்தவன் அவளுடைய தம்பி. கொக்கி விட்டுப்போய்ப் பெட்டி விழுந்தது. நேர் கீழே ஏணியில் அவன் நின்றிருந்தான். காவல் சங்கிலியை அவனே கழற்றிவிட்டான், கவனக்குறைவு என்று விசாரணையை முடித்தார்கள்.

கவனக்குறைவாம்! அக்காவும் தம்பியும் சேர்ந்து வேலை பார்த்த காலமெல்லாம் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டி கொக்கியில் ஏறியதும் விரல்முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டுவான். கொக்கி விட்டாலும் தாங்கிப் பிடிக்கும் இரண்டாவது சங்கிலியான காவல் சங்கிலியைப் பூட்டியதும் இன்னொரு தட்டு. அந்த இரண்டாவது தட்டு விழும்வரை பெட்டிக்குக் கீழே ஒரு பூனையைக்கூட நிற்க விடமாட்டான். அன்றைக்கு அவள் வேறிடத்தில் வேலையாக இருந்தாள். தம்பி மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள்.

அவள் யாரென்று தலைவருக்குத் தெரியாது. அடுத்தவர் யாரென்று தெரிந்துகொள்ளும் பழக்கமே அவருக்கு இல்லை.

முதலில் வாசனைத் தைலம் வந்தது, பிறகு வயிறு வந்தது, கடைசியாகத் தலைவர் வந்தார். பின்னால் செயலாளர். அலுவலகத்தில் அவருக்கு 'ஆமாஞ்சார்' என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"நல்லாப் பெரிய பெட்டியா மாட்டும்மா. நான் பேசினா இடி இறங்கணும்."

"ஆமா சார்," என்றார் ஆமாஞ்சார்.

"சுவர் முழுக்கக் கல்லும் கண்ணாடியும் சார். இடி இறங்கினா இடிதான் கேக்கும், பேச்சு கேக்காது. இந்த மாதிரி ஒல்லிப் பெட்டியா மாட்டி, உக்காந்திருக்கிறவங்க காதுக்கு நேரா திருப்பினா ஒவ்வொரு வார்த்தையும் விழும்."

"ஒல்லியா இருந்தா கம்பீரமா இருக்காதே!"

பேச்சில் இல்லாத கம்பீரத்தை அவர் பெட்டியில் தேடினார். சோதனைக்காக மேடையின் இருபுறமும் அவள் மாட்டியிருந்த பெட்டிகளைத் தலைவர் அண்ணாந்து பார்த்தார்.

"அதென்ன பக்கத்துல தொங்குது?"

"காவல் சங்கிலி சார்."

"பார்க்க அசிங்கமா இருக்கு. கழட்டிடு." சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவதுபோலச் சொன்னார்.

"அது இல்லாமத்தானே சார் போன தடவை ஒரு உயிர் போச்சு?"

"அது அவனாக் கழட்டினது. திமிர் பிடிச்ச பய. இல்லய்யா?"

செயலாளரின் வாய் திறந்தது. வழக்கமாக வழுக்கிக்கொண்டு வரும் சொல் இந்தத் தடவை எங்கேயோ சிக்கியது.

"ஆ... ஆமா சார்."

அவள் சங்கிலியைத் தொடாமல் வேலையைத் தொடர்ந்தாள். ஜோடிப் பெட்டிகள் சரிசமமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டுக்கும் ஒரே குரலை அனுப்பி, ஒன்றின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் பூட்டினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். நடு இருக்கையில் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நல்ல ஜோடியென்றால் அங்கே ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

"மைக்கில ஏதாவது பேசுங்க சார்."

அதற்கு அவரை இரண்டாம் முறை கேட்கவேண்டியதில்லை. ஒரு பெட்டியின் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டு அவள் நடு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். தலைவரின் குரல் மெலிந்தது, கரைந்தது, போயே போய்விட்டது. மேடையில் வாய் மட்டும் அசைந்தது. அப்படிப் பார்க்க அவர் கொஞ்சம் தேவலாம்.

பிறகு பசை நாற்றத்தை மீறிக் கிராம்பு மணத்தது.

தம்பி வேலையின்போது வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பு.

ஒன்றும் மிஞ்சக்கூடாத இடத்தில் ஒரு குரல் மிஞ்சியது. தலைவருடையதுதான். ஆனால் மேடையில் அசைந்த உதடுகளுக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை.

"அந்த ரெண்டாவது சங்கிலி அசிங்கமா இருக்கு. கழட்டு."

"வேணாம் சார். ஆபத்து." தம்பியின் குரல்.

"கழட்டுறியா, வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

சங்கிலி உருவப்படும் ஓசை.

பெட்டி கொக்கியில் ஏறும் ஓசை, அதன்மேல் ஒரு தட்டு.

அவள் காத்திருந்தாள்.

இன்னொன்று வரவில்லை.

அவள் எழுந்தாள். "சார், நீங்களே இங்க வந்து கேளுங்க. செயலாளர் பேசட்டும்."

தலைவர் நடு இருக்கையில் சாய்ந்து அமர்ந்தார். மைக்கின் முன்னால் ஆமாஞ்சார் தனக்குத் தெரிந்த ஒரே உரையை நிகழ்த்தினார்: "ஆமா சார், ஆமா சார், ஆமா சார்..."

தலைவரின் முகம் வெளிறுவதை அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"நிறுத்து!" இருக்கை மடங்கி அறைய அவர் துள்ளி எழுந்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை! யோவ், சொல்லுய்யா! நான் அப்படிச் சொல்லலை, இல்லய்யா?"

செயலாளர் மேடைமேல் தலைதூக்கி, போன வருடம் பெட்டி தொங்கிய கொக்கியைப் பார்த்தார்.

"சொன்னீங்க சார்," என்றார் மைக்கில். "நான் பக்கத்துலதான் நின்னேன்."

மறுநாளே செயலாளர் விசாரணை அதிகாரிகளிடம் போய்த் தன் பழைய வாக்குமூலத்தை மாற்றினார். கவனக்குறைவு என்ற சொல்லைத் தம்பியின் பெயரிலிருந்து அடித்துவிட்டார்கள். தலைவர் மட்டும் இன்றுவரை மறுக்கிறார்.

ஒல்லிப் பெட்டிகளே நிலைத்தன. ஒவ்வொன்றிலும் காவல் சங்கிலியை அவளே பூட்டி, தம்பியைப் போலவே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினாள். திறப்பு விழாவில் தலைவர் மாலையும் கழுத்துமாக மைக் முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

மேலே ஒரு தட்டு.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. மாலையைப் பிடித்துக்கொண்டு தலைவர் பக்கவாட்டில் நகர்ந்தார். நகர்ந்த இடத்துக்கு நேர் மேலே அதே ஒற்றைத் தட்டு.

வேறு மண்டபம், வேறு பெட்டி, வேறு மைக் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். இப்போது அவர் ஒலிபெருக்கியே இல்லாத அறைகளில் பேசுகிறார். மூன்றாவது வரிசைக்கு மேல் ஒரு வார்த்தையும் எட்டுவதில்லை.

ஒவ்வொரு முறையும் அவர் வாயைத் திறந்ததும், வெறும் கூரையிலிருந்து ஒரு தட்டு மட்டும் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது. அவர் அண்ணாந்து, இரண்டாவது தட்டுக்காகக் காத்து நிற்கிறார்.

அது வருவதில்லை.