மாமா சொன்ன ‘சரி’

சிறுமி குருவியின் மாமாவுக்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் வரும். அது ‘சரி’.

மாமா பேருந்து ஓட்டியவர். மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. அவருக்கு எல்லாம் புரியும். ஆனால் ‘தண்ணீர்’ என்று சொல்ல வாயைத் திறந்தால் ‘சரி’ என்று வரும். ‘போதும்’ என்பதும் ‘சரி’தான்.

குருவியின் அம்மா அவருடைய தங்கை. திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே! நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தரும் ஏஜென்சிக்காரர்கள் சனிக்கிழமை இரண்டு பேரை அனுப்பினார்கள்.

காலையில் வந்தவர் வாசலையே அடைத்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு உடம்பு. குருவி அவருக்குப் ‘பயில்வான்’ என்று மனசுக்குள் பேர் வைத்துவிட்டாள்.

“என்ன சார், சௌக்கியமா?” என்று மாமாவின் காதருகே கத்தினார்.

“மாமாவுக்குக் காது நல்லா கேக்கும்,” என்றாள் குருவி.

“அப்படியா பாப்பா?” அதையும் கத்தித்தான் கேட்டார். “நான் தூக்கற அழகைப் பாருங்கம்மா!”

நாற்காலியிலிருந்த மாமாவை அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். மாமாவின் ஒரு செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது.

“திங்கக்கிழமை வரட்டுமா சார்?”

“சரி,” என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பயில்வான் போனதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்பாடா! அண்ணனே சரின்னுட்டார்.”

“அம்மா, அது சரி இல்லம்மா.”

“சரின்னா சரிதானேடி?”

குருவி மாமாவிடம் திரும்பினாள். “மாமா, உங்க தலையில ரெண்டு கொம்பு முளைச்சிருக்கா?”

“சரி.”

“அம்மாவை நிலாவுக்கு அனுப்பிடலாமா?”

“சரி.” சொல்லிவிட்டு மாமாவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அம்மாவும் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். “அப்போ மூணு மாசமா இவர் சொன்ன சரியெல்லாம்?”

“பாதி சரி இல்லம்மா. நேத்து நீ போட்டுவிட்ட பூப்போட்ட சட்டைகூட.”

மதியம் இரண்டாமவர் வந்தார். ஒல்லி உடம்பு, தடிமனான கண்ணாடி. “காத்தடிச்சா பறந்துடுவார் போலிருக்கே!” என்று அம்மா முணுமுணுத்தாள்.

கண்ணாடிக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். “எழுந்து நிக்கலாமா சார்? நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?”

“சரி,” என்றார் மாமா.

கண்ணாடிக்காரர் நகரவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பதில் சொல்ல வாயெடுத்த அம்மாவின் கையைக் குருவி இழுத்தாள்.

மாமா மெதுவாக இடது கையைத் தூக்கி, வலது பக்கத்தைக் காட்டினார்.

கண்ணாடிக்காரர் அந்தப் பக்கம் போய் நின்றார். “பாதத்தைப் பின்னால இழுத்துக்கோங்க. முன்னால சாயுங்க. ஒண்ணு, ரெண்டு...”

மூன்று சொல்வதற்குள் மாமா எழுந்து நின்றிருந்தார்!

“அவர் விழுந்துட்டா உங்களால தூக்க முடியுமா?” என்று கேட்டாள் அம்மா.

“தனியா தூக்க மாட்டேம்மா. பக்கத்துல ஆள் கூப்பிடுவேன். விழாம பாத்துக்கறதுதான் என் வேலை.”

அவரை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு அம்மா நெற்றியைத் தேய்த்தாள். “காலையில வந்தவருக்குப் பத்து வருஷ அனுபவம். எனக்கு ஒண்ணும் ஓடலையே!”

“நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? மாமாவையே கேக்கலாம்.”

ஏஜென்சியிலிருந்து வந்திருந்த, புகைப்படம் ஒட்டிய இரண்டு விண்ணப்பங்களையும் குருவி மேசையில் பரப்பினாள். “மாமா, வாயால வேண்டாம். கையால காட்டுங்க. யார் வேணும்?”

மாமாவின் விரல் கண்ணாடிக்காரரின் மேல் நின்றது.

குருவி தாள்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டாள். மறுபடியும் கண்ணாடிக்காரர்தான். போதாததற்குப் பயில்வானின் தாளை மாமா கவிழ்த்தே வைத்துவிட்டார்.

அம்மா கண்ணாடிக்காரரை உள்ளே கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னாள். அவரோ நேரே மாமாவிடம் போனார். “திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் சார்?”

மாமா ஐந்து விரல்களைக் காட்டினார். பிறகு இரண்டு.

“ஏழு மணிக்கா?” அம்மா அலறினாள். “அண்ணா, நான் கிளம்பறதே எட்டரைக்குத்தான்!”

மாமா விடவில்லை. மறுபடியும் ஐந்து, மறுபடியும் இரண்டு.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அழைப்புமணி அடித்தபோது அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள். மாமாவோ தலை வாரி முடித்து, வாசலைப் பார்த்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.