நளினி ஆற்றில் இறங்கும் காட்சி

கதவைத் தட்டுவதற்காகத் தூக்கிய கையைக் கமலவேணி இரண்டு முறை கீழே இறக்கிவிட்டாள். மூன்றாம் முறை தட்டுவதற்குள் கதவு தானே திறந்தது.

"உள்ளே வாங்கம்மா. ரொம்ப நேரமா நிக்கறீங்க" என்றார் சண்முகவேல்.

1933ஆம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமைக் காலை அது. ரயில்வே போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற சண்முகவேல், ஏற்காட்டு மலைப்பாதையின் அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக முடியாத சங்கடங்களோடு சேலத்து ஜனங்கள் அவரைத் தேடி வருவது வழக்கம். அவருடைய கேஸ்களில் கூடவே அலைகிறவன் கந்தப்பன். நாற்பது வயதுக்காரன், சைக்கிள் கடை வைத்திருந்தான். பேசும் படம் வந்து எல்லோரும் அதன் பின்னால் ஓடிய பிறகும், பழைய ஊமைப் படம் எந்தக் கொட்டகைக்கு வந்தாலும் கடையைச் சாத்திவிட்டு முதல் வரிசையில் போய் உட்காருகிறவன்.

கமலவேணி உட்காரவில்லை. மடியிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒவ்வொன்றின் மடிப்பிலும் தபால்தலை அளவில் ஒரு பிலிம் துண்டு இருந்தது.

அருகில் நின்ற கந்தப்பன் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். முழுவதும் நீலம். நீலத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றாள் ஒரு பெண்.

"ஐயா! இது 'நதிக்கரை நளினி'! போன வாரம் சேலத்துக் கொட்டகையில மூணு தடவை பார்த்தேனுங்க. காதலன் எழுதற கடுதாசியெல்லாம் அவங்கப்பன் மறைச்சிருவான். இவ, அவன் மறந்துட்டான்னு நெனச்சு ஆத்துல இறங்குவா. நாலு முழம் தள்ளிக் காதலன் படகு வந்துட்டிருக்கும். ஒரு பேச்சு கெடையாதுங்க, அவ கண்ணு மட்டும்தான். நெலா வெளிச்சத்துல அந்த வெள்ளைச் சேலை அப்படியே மெதக்கும். எத்தனை பேசும் படம் வந்தாலும் இதுக்கு..." அவன் பேச்சு நின்றது. பிலிமைப் பார்த்தான், எதிரே நின்றவளைப் பார்த்தான். "அம்மணி, இது நீங்களா?"

கமலவேணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிறகு மெல்லச் சொன்னாள். ஐந்து வருஷத்துக்கு முன், அப்பா இறந்தபோது, அவளுக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் இருந்த மாமா அவளை ஒரு படக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். 'மிஸ் நீலவேணி' என்ற பெயரில் ஒரே ஒரு படம். திரும்பி வந்ததும் அம்மா அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து ராசிபுரத்தில், சேலை நெசவுக் குடும்பத்தில் கைலாசத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். வீட்டில் அவர்கள் இருவரும், கைலாசத்தின் அக்கா தெய்வநாயகியும்தான்.

"திங்கக்கிழமை காலையில முதல் கடுதாசி. கொல்லைக் கதவு இடுக்குல சொருகியிருந்துச்சுங்க. அப்புறம் செவ்வாய், புதன். தெனம் ஒண்ணு."

சண்முகவேல் வரிசையாகப் படித்தார். இடது கையால் எழுதியதுபோல எழுத்துகள் கோணிக்கொண்டு கிடந்தன.

'நளினி உன் ஊருக்கு வருகிறாள். வெள்ளிக்கிழமைக்குள் சேலத்துத் தாய்வீட்டுக்குப் போய்விடு. பத்து நாளைக்கு இங்கே தலை காட்டாதே.'

'உன் நாத்தனார் பார்ப்பாள். சாதிப் பெரியவர்கள் பார்ப்பார்கள். உன்னைத் தெருவில் நிறுத்துவார்கள்.'

'மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமாக அன்று தண்ணீரில் மூழ்கினாய். தூக்கிவிட ஆள் இருந்தது. இந்த முறை இருக்காது.'

மூன்றாவதை அவர் வாய்விட்டுப் படித்தபோது கமலவேணிக்கு அந்தத் தண்ணீரின் குளிர் திரும்பவும் காலில் ஏறியது. அந்தச் சேலையின் ஈரக் கனம்கூட அவளுக்கு நினைவிருந்தது.

"யார் மேல சந்தேகம்?"

"செங்கோடன்னு ஒருத்தருங்க. டெண்டுக் கொட்டகையில திரைக்குப் பக்கத்துல நின்னு கதை சொல்றவரு. நேத்துச் சாயந்திரம் படப்பெட்டியோட சேலம் பஸ்ஸுல வந்து எறங்கி, வண்டியில தமுக்கடிச்சுட்டு எங்க தெருவுக்கு வந்தாருங்க. 'நிலவொளியில் வெண்பட்டு உடுத்தி நீரில் இறங்கும் நளினியைக் காணத் தவறாதீர்'னு கத்திட்டே வந்தவரு, வாசல்ல என்னைப் பார்த்ததும் பாதியில நிறுத்திட்டாரு. வெறிச்சுப் பார்த்தாருங்க. நான் உள்ள ஓடிட்டேன்."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. தறி உண்டு, ஊடு உண்டு. சனிக்கிழமை சனிக்கிழமை நூல் வாங்கச் சேலம் வருவாரு, அவ்வளவுதான். நல்ல மனுசருங்க. அதுதானுங்க என் பயமே."

சண்முகவேல் மூன்று காகிதங்களையும் திரும்ப ஒருமுறை பார்த்தார். எதையோ தேடுபவர்போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டினார்.

"இன்னிக்கு உங்க அம்மா வீட்டுல தங்குங்க. நாளைக்கு மத்தியானம் நாம மூணு பேரும் ராசிபுரம் போறோம்."

"நாளைக்கா? நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க, படம் போடற நாளு!"

"அதனாலதான்" என்றார் அவர்.

மறுநாள் பஸ்ஸில் கமலவேணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். பஸ் நின்ற ஒவ்வொரு ஊரிலும் ஏறுகிற முகங்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. 'இந்த முறை இருக்காது' என்ற வரி சக்கரத்தின் ஓசையோடு சேர்ந்து திரும்பத் திரும்பக் கேட்டது. கந்தப்பன் வழியெல்லாம் செங்கோடனை எப்படி மடக்குவது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். சண்முகவேல் கண்ணை மூடித் தூங்கினார்.

ராசிபுரத்துக் கொட்டகை காலியாக இருந்தது. மணல் பரப்பிய தரை, பின்னால் நாலு வரிசை பெஞ்சு. அதற்கும் பின்னால் செங்கோடன் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கமலவேணியைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு எழுந்து கைகூப்பினான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தாயி. நாலு வருசமா இந்த முகத்துக்குக் கதை சொல்றவன் நான். அன்னைக்கு அது எதுத்தாப்புல வந்து நின்னதும் பேச்சு நின்னு போச்சு. யாருகிட்டயும் மூச்சு விடலைங்க."

"ஐயா, நடிக்கறான்!" என்று துள்ளினான் கந்தப்பன்.

சண்முகவேல் கையமர்த்தினார். "கந்தப்பா, நீ போய் கைலாசத்தைக் கூட்டிட்டு வா. சேலத்துலருந்து ஒருத்தர் பார்க்கணும்கறார்னு சொல்லு, போதும்."

"வேண்டாமுங்க!" கமலவேணி அவர் காலில் விழப்போனாள். "அவருக்குத் தெரியக்கூடாதுன்னுதானுங்க உங்ககிட்ட வந்தேன்!"

"தெரியும்மா. உக்காருங்க" என்றார் அவர். குரலில் கண்டிப்பும் இருந்தது, இரக்கமும் இருந்தது.

கால் மணி நேரத்தில் கைலாசம் வந்தான். வாசல் படுதாவை விலக்கியவன், பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கியிருந்த மனைவியைக் கண்டு அப்படியே நின்றான். கமலவேணி தலையைத் தூக்கவில்லை.

"உக்காருங்க கைலாசம்" என்றார் சண்முகவேல். "இந்தக் கடுதாசிகளை எழுதினது யாருன்னு சொல்லப்போறேன். முதல் கடுதாசி திங்கக்கிழமை வந்தது. அதுக்குள்ளே பிலிம் இருந்தது. ஆனா படப்பெட்டி இந்த ஊருக்கு வந்ததே புதன்கிழமை. படம் போன வாரம் முழுக்கச் சேலத்துல ஓடிச்சு. அறுந்து போற பிலிமை வெட்டி ஒட்டும்போது துண்டு கீழே விழும், கேட்டா யாருக்கும் குடுப்பாங்க. அப்போ எழுதினவர் போன வாரம் சேலம் போய்வந்தவர். செங்கோடன், அந்த ஆத்துக் காட்சியில நளினி கட்டியிருக்கற சேலை என்ன நிறம்?"

"வெள்ளைங்க. வெண்பட்டுன்னுதான் சொல்லுவேன்."

"கந்தப்பா?"

"வெள்ளைதானுங்க."

"படத்துல மஞ்சளும் வெள்ளையாத்தான் தெரியும். மேலே நீலச் சாயம் வேற ஏத்தியிருக்கு, ராத்திரின்னு காட்ட. ஆயிரம் தடவை பார்த்தாலும் அது மஞ்சள்னு ஒருத்தருக்கும் தெரியாது. மஞ்சள்னு எழுதினது இந்த அம்மாவுக்கு வித்தியாசமாப் படலை, ஏன்னா கட்டினவங்க இவங்க. மூணாவது கடுதாசி எழுதினவருக்கு மஞ்சளும் தெரியும், அரக்குக் கரையும் தெரியும். அவர் அன்னிக்கு அந்த ஆத்தங்கரையில இருந்தவர். அதோட, சேலையோட நடுப்பகுதியை 'உடல்'னு சொல்றது யாரு? நெய்யறவங்க."

கமலவேணி மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"இன்னொண்ணு இருக்கு. மிரட்டறவன் முதல்ல என்ன சொல்லுவான்? 'உன் புருஷன்கிட்டச் சொல்லிருவேன்'னு சொல்லுவான். இதுல நாத்தனார் வர்றாங்க, சாதிப் பெரியவங்க வர்றாங்க. மூணு கடுதாசியிலயும் புருஷன் ஒரு இடத்துலயும் வரலை. புருஷனுக்குத் தெரியாதுன்னு எழுத, எழுதினவருக்குக் கை வரலை. ஏன்னா புருஷனுக்கு முன்னாடியே தெரியும்."

கைலாசம் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"மெட்ராஸ்ல அடையாறு ஆத்தங்கரைக்கு அந்தச் சேலையைக் கொண்டுபோனவனே நாந்தானுங்க" என்றான். "படக் கம்பெனிக்காரங்க கேட்டாங்கன்னு, நான் சேலை போடப் போயிருந்த கடைக்காரர் அனுப்பினாரு. நல்ல உச்சி வெயிலு. நாலு தடவை இவளைத் தண்ணியில எறக்குனாங்க. நாலாவது தடவை மூழ்குனவ மேல வரலை. எனக்கு நீச்சல் தெரியாது, கரையில நின்னு கத்துனேன். படகுக்காரங்க ரெண்டு பேரு தூக்குனாங்க. அன்னைக்கே இவ யாரு, எந்த ஊருன்னு விசாரிச்சேன். தரகரை அனுப்புனதும் நாந்தான்."

"அஞ்சு வருசம்" என்றாள் கமலவேணி. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அஞ்சு வருசமாத் தெரியுமா?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லலை. நீ மறைக்கறதை நான் கிளறுனா உனக்கு அவமானமாப் போயிருமோன்னு... சனிக்கிழமை சேலத்துல நோட்டீசு பார்த்தேன், அடுத்து ராசிபுரம்னு. அக்கா பார்த்துட்டா, ஊரு பார்த்துட்டா என்ன ஆவறதுன்னு பயந்துட்டேன். யாரோ எழுதுன மாதிரி எழுதுனா நீ பத்து நாளைக்கு அம்மா ஊட்டுக்குப் போயிருவேன்னு நெனச்சேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் நீ போகவே இல்லை. அதனால மூணாவதைக் கொஞ்சம் பெலமா எழுதுனேன்."

"பெலமா எழுதுனீங்களா?" அவள் எழுந்து நின்றாள். "புதன்கிழமை அதைப் படிச்சுட்டு நான் எங்க போனேன்னு தெரியுமா உங்களுக்கு? கெணத்து மேட்டுல ஏறி நின்னேன். பக்கத்து ஊட்டு ஆத்தாயி தண்ணிக்கு வரலைன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன்."

கைலாசத்தின் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்தது. கந்தப்பன் படுதாப் பக்கம் திரும்பிக்கொண்டான். செங்கோடன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

சண்முகவேல் மூன்று கடிதங்களையும் அடுக்கி அவள் கையில் கொடுத்தார். "இதுக்கு மேலே எனக்கு வேலை இல்லைம்மா. என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் கடிதங்களை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னைக்கு முதல் ஆட்டத்துக்கு நான் வாரேன். உங்க அக்காவும் வரணும். அதுக்கு முன்னாடி, இந்தப் படத்துல இருக்கறது யாருன்னு நீங்களே உங்க வாயால அவங்ககிட்டச் சொல்லணும்."

"கமலா, அக்காகிட்ட நான் எப்படி..."

"எனக்கு அஞ்சு வருசம் எப்படி இருந்துச்சோ அப்படித்தான்."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். இப்போது பயந்து நடந்தவன் அவன். தெருமுனையில் ஒருமுறை நின்றான்; அவள் நிற்கவில்லை. வீட்டுக்குள் தெய்வநாயகி ராட்டினத்தில் தறிக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கமலவேணி வாசற்படியைத் தாண்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கைலாசத்தின் குரல் தடுமாறித் தடுமாறி வந்தது. ராட்டினச் சத்தம் நின்றது.

எதிர்வீட்டுப் பெண் முறத்தோடு வெளியே வந்து, புடைத்து முடித்து, உள்ளே போய்விட்டாள்.

தெய்வநாயகி வாசலுக்கு வந்தாள். தம்பி மனைவியை உச்சியிலிருந்து பாதம் வரை முதன்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "டேய் கைலாசம், பெஞ்சு டிக்கெட்டா எடு. தரையில உக்காந்தா எனக்கு முட்டி மடங்காது" என்றாள்.