நான்கு கடிதங்களும் ஒரு பிஸ்கட் டின்னும்

சாராவின் தலையில் சிவப்புத் தொப்பி. தோளில் துணிப்பை. இடுப்பில் அப்பாவின் பெல்ட், இரண்டு சுற்று. அரண்மனைத் தூதுவர் என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். காலில் மட்டும் ரப்பர் செருப்பு. அதற்கு என்ன செய்வது?

ரங்கூனில் அவர்களுடைய தமிழ்ச் சபையார் ஒவ்வொரு ஜனவரியிலும் தேவாலய வளாகத்தில் ஒரு சந்தை நடத்துவார்கள். இந்த வருடம், அதாவது 1999இல், நல்லையா ஸயாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. ஸயா என்றால் அங்கே வாத்தியார். பழைய நாட்காட்டி ஒன்றில் ஐரோப்பிய ராஜாக்கள் காலத்துச் சந்தைப் படத்தை அவர் பார்த்திருந்தார். அதில் இரும்புக் கவசம் போட்ட வீரர்களும் கூம்புத் தொப்பி வைத்த சீமாட்டிகளும் இருந்தார்கள்.

"எல்லாரும் ராஜா காலத்து ஆளுங்க மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வரணும்" என்று அறிவித்தார்.

எந்த ஊர் ராஜா என்று சொல்ல மறந்துவிட்டார்.

அதனால் ஒருவர் தஞ்சாவூர் ராஜாவாக வந்தார். இரண்டு பேர் மாண்டலே அரண்மனை மந்திரிகளாக வந்தார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் நடித்த மூன்று ஞானிகளும் அதே அங்கியைத் துவைத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மோஹிங்கா விற்ற கடையில் 'அரண்மனைச் சூப்' என்று பலகை தொங்கியது. குடித்துப் பார்த்தால் அதே மீன் குழம்பு, அதே சேமியா.

சாராவுக்கும் அவள் தங்கை ஸ்டெல்லாவுக்கும் கடிதக் கடை. சந்தைக்கு வந்திருக்கும் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் எழுதிப் பெட்டியில் போடலாம். இவர்கள் தேடிப் பிடித்துக் கொடுப்பார்கள். கைபேசி இல்லாத காலம். அதனால் கடையில் நல்ல கூட்டம்.

"ஒரே ஒரு விதி. உறையைப் பிரிக்கக் கூடாது. மேல இருக்கிற பேரைப் படி, ஆளைக் கண்டுபிடி, குடு. அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தார் ஸயா.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தகரம் பேசியது.

"சாரா! இங்க வா. சத்தம் போடாதே."

அது கிறிஸ்டோபர் மாமா, அம்மாவின் தம்பி. சூலே பகோடா பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர். எண்ணெய் டின்னை வெட்டிக் கவசம் செய்து போட்டிருந்தார். தலையில் பெரிய பிஸ்கட் டின். கண் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு நீள ஓட்டை.

"டின்னைக் கழற்றிட்டுப் பேசுங்க மாமா."

"கழற்ற வரலம்மா. காதுல மாட்டிக்கிச்சு. காலையிலேர்ந்து ஒரு வாய் டீ குடிக்கல."

கவசத்துக்குள் கைவிட்டு இரண்டு கடிதங்களை எடுத்தார்.

"இந்த மஞ்சள் உறை ஏஞ்சலாவுக்கு. தங்கம்மாள் ஆன்ட்டியோட அண்ணன் மக. தன்லியின் ஊர்லேர்ந்து வந்து ஆன்ட்டியோட வடைக் கடையில நிக்குது. உங்க அம்மா எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணு. நான் போட்டோகூடப் பார்க்கல. வேண்டாம்னு மரியாதையா எழுதியிருக்கேன்."

"ஏன் வேண்டாம்?"

டின் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாக, "இந்தப் பச்சை உறை மா தீடாவுக்கு" என்றது.

பர்மியப் பெயருக்கு முன்னால் 'மா' வந்தால் பெண், 'கோ' வந்தால் ஆண். சாராவுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஆறு மாசமா சாயங்காலத்துல ஒரே பஸ் நிறுத்தத்துல நிக்கிறோம். அவங்களுக்கு ஒரு பஸ், எனக்கு ஒரு பஸ். ஒருநாள் மழையில அவங்க குடையைக் குடுத்துட்டு நனைஞ்சுகிட்டே போனாங்க. போன வாரம் இந்தச் சந்தையைப் பத்திச் சொன்னேன். 'நானும் அன்னிக்கு அங்கதான் இருப்பேன்'னாங்க. எப்படின்னு கேக்கறதுக்குள்ள பஸ் வந்திடுச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஐயோ! நாங்க பேசறதே பர்மிய மொழியிலதான். உங்க அம்மா என்ன சொல்லுவாளோ! முதல்ல மா தீடா மனசு தெரியணும். திங்கட்கிழமையிலேர்ந்து அவங்க ஆபீஸ் வேற இடத்துக்குப் போகுது. இன்னிக்கு விட்டா இனி நான் அவங்களை எங்கன்னு தேடுவேன்?" மாமா இரண்டு உறைகளையும் சாராவின் பையில் போட்டார். "இடது கன்னத்துல ஒரு மச்சம் இருக்கும். தனக்கா சாந்து பூசியிருந்தாலும் தெரியும். அஞ்சு மணிக்கு மணி அடிச்சுடுவாங்க சாரா. அதுக்குள்ள ரெண்டும் போய்ச் சேரணும்."

சாரா ஓடினாள்.

மூன்று ஞானிகளுக்கும் மா தீடாவைத் தெரியவில்லை. தஞ்சாவூர் ராஜா தன் மீசையைத் திரும்ப ஒட்டிக்கொண்டே, "நம்ம சபையில அப்படி யாரும் இல்லையேம்மா" என்றார். அக்கம்பக்கத்துப் பர்மியக் குடும்பங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தன. அங்கே ஒரு தீடா இருந்தார். ஆனால் அவர் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த பல் இல்லாத அம்மா. மாமா இவருக்காகவா ஆறு மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்றார்? இருக்காது.

சரி, மஞ்சள் உறையையாவது கொடுத்துவிடலாம் என்று வடைக் கடைக்குப் போனாள்.

ஏஞ்சலா அக்கா உயரமான கூம்புத் தொப்பி போட்டிருந்தாள். அதிலிருந்து முகத்தை மூடிக் கொசுவலைத் துணி தொங்கியது. உள்ளே இருந்த முகம் சரியாகத் தெரியவில்லை. வடை வேகிறதா என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

"வா தூதுவரே. உன் தொப்பி கிழிஞ்சிருக்கே" என்றாள். அவள் தமிழ் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. அவள் அம்மா பர்மியப் பெண் என்று தங்கம்மாள் ஆன்ட்டி சொல்லியிருந்தார். பேசிக்கொண்டே ஊக்கு ஒன்றை எடுத்து, சாராவின் தொப்பியைச் சரிசெய்தாள். ஒரு வடையையும் கையில் திணித்தாள்.

வடை சூடாக இருந்தது. பையில் இருந்த மஞ்சள் உறை கனமாக இருந்தது. இவ்வளவு நல்ல அக்காவிடம், எல்லோரும் பார்க்க, 'நீங்கள் வேண்டாம்' என்று எப்படிக் கொடுப்பது? சாராவுக்கு மனசு வரவில்லை. மணி அடித்தபிறகு தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அதற்குள் ஏஞ்சலா அக்கா, தன் அத்தை அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இரண்டு கடிதங்களைச் சாராவின் பையில் போட்டாள்.

"வெள்ளை உறை அத்தை எனக்குப் பார்த்திருக்கிற கிறிஸ்டோபர்ங்கறவருக்கு. வேண்டாம்னு அவர் மனசு நோகாம எழுதியிருக்கேன். இந்த நீல உறை கோ சோ மின்னுக்கு."

"அவர் யாரு அக்கா?"

"உயரமா இருப்பார். காது கொஞ்சம் பெரிசு. கட்டாயம் வந்திருப்பார், தேடிப் பாரு. நாளைக்கு மோல்மீன்லேர்ந்து வேற ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வராங்க. இன்னிக்கு அவர் பதில் தெரியாட்டி நான் அத்தைகிட்ட என்ன சொல்லுவேன்?"

இப்போது பையில் நான்கு கடிதங்கள். மாமாவுக்கு ஏஞ்சலா வேண்டாம். ஏஞ்சலாவுக்கு மாமா வேண்டாம். மாமாவுக்கு வேண்டிய மா தீடாவைக் காணோம். ஏஞ்சலாவுக்கு வேண்டிய கோ சோ மின்னையும் காணோம். சாராவுக்குத் தலை கிறுகிறுத்தது.

அடுத்த அரைமணி நேரம் அவள் சந்தையில் எல்லோருடைய காதையும் பார்த்துக்கொண்டு நடந்தாள். காது பெரிதாக இருந்தவர் குள்ளமாக இருந்தார். உயரமாக இருந்தவரின் காதைத் தலைப்பாகை மறைத்தது. "என்ன பாப்பா, என் காதுல ஏதாவது ஊருதா?" என்று ஒரு மந்திரி பயந்துபோய்க் காதைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

நான்கரை மணிக்குக் கடிதக் கடைக்குத் திரும்பினால், அங்கே ஸ்டெல்லா மேசைக்கடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"இந்தக் கடிதத்துக்கு ஆளே இல்லக்கா. மூணு தடவை சுத்திட்டேன். எல்லார்கிட்டயும் காட்டிக் கேட்டுட்டேன். மா கின் மியான்னு யாருமே இல்லையாம்."

சாரா உறையை வாங்கிப் பார்த்தாள்.

"அடியே! மா கின் மியா நான்தான்டி!"

ஸ்டெல்லா அழுகையை நிறுத்திவிட்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "பொய். நீ சாரா."

"பள்ளிக்கூடத்துல என் பேரு கின் மியா. ரெஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப உனக்கும் ஒரு பர்மியப் பேரு வைப்பாங்க."

"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

உண்மைதான். ரங்கூனில் பல தமிழர்களுக்கு வீட்டிலும் கோயிலிலும் ஒரு பெயர், பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒரு பர்மியப் பெயர். வீட்டில் யாரும் மற்றதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கடிதம் சாராவின் வகுப்புத் தோழி யமின் எழுதி, உள்ளே வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியது. 'வாசலில் நிற்கிறேன். என்னிடம் நுழைவுச் சீட்டு இல்லை. வந்து கூட்டிப் போ' என்று இருந்தது. சாரா வாசலுக்குப் பறந்தாள். யமின் ஒரு மணி நேரமாக மதில் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

"கின் மியா இருக்கிறாளா என்று கேட்டேன். அப்படி ஒருத்தி இங்கே கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்" என்றாள் பர்மிய மொழியில், கோபமாக. "நீ உள்ளேதான் இருந்திருக்கிறாய்!"

நான் உள்ளேதான் இருந்திருக்கிறேன். ஆள் உண்டு. பெயர்தான் வேறு...

சாரா அப்படியே நின்றாள். பிறகு யமினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள்.

"மாமா! ஆபீஸ்ல உங்க பேரு என்ன?"

"எதுக்கும்மா இப்ப அது? சோ மின். மா தீடாவைப் பார்த்தியா?"

சாரா யமினின் கையை மறுபடியும் பிடித்தாள். இரண்டு பேரும் வடைக் கடைக்கு ஓடினார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்தக் கொசுவலையைத் தூக்குங்க."

ஏஞ்சலா அக்கா சிரித்துக்கொண்டே தூக்கினாள். இடது கன்னத்தில், தனக்காவுக்கு நடுவில், ஒரு மச்சம்.

"ஆபீஸ்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"மா தீடான்னு. ஏன்?"

"எங்கயும் போயிடாதீங்க!"

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். சாரா மாமாவின் கவசத்தைப் பிடித்து இழுத்தாள். மாமா வரமாட்டேன் என்று தொட்டியைக் கட்டிக்கொண்டார். "அது அந்தப் பொண்ணு நிக்கிற கடை! நான் வரல!" யமின் பின்னாலிருந்து தள்ளினாள். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மாமா கடை முன்னால் வந்து சேர்ந்தார். அம்மாவும் தங்கம்மாள் ஆன்ட்டியும் அங்கேயே நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டு நல்லையா ஸயாவும் ஓடி வந்தார்.

சாரா பையிலிருந்து இரண்டே இரண்டு கடிதங்களை எடுத்தாள். பச்சை உறையை ஏஞ்சலா அக்காவிடமும் நீல உறையைப் பிஸ்கட் டின்னிடமும் நீட்டினாள். "படிங்க."

"எழுத்து தெரியலையே" என்று டின் புலம்பியது.

"எண்ணெய் கொண்டாங்க!" என்றார் ஸயா. வடைக் கடையில் எண்ணெய்க்கா பஞ்சம்? ஒரு கரண்டி எண்ணெயைக் கழுத்து வழியாக விட்டு, ஸயா ஒரு பக்கமும் தஞ்சாவூர் ராஜா ஒரு பக்கமும் இழுத்தார்கள். 'டொப்' என்று டின் கழன்றது. இரண்டு சிவந்த பெரிய காதுகள் வெளியே வந்தன.

"கோ சோ மின்!" என்று கத்தினாள் ஏஞ்சலா அக்கா.

"மா... மா தீடா!" என்றார் மாமா. எண்ணெய் மூக்கில் வழிந்துகொண்டிருந்தது.

"யாரு தீடா? இவ எங்க ஏஞ்சலா!" என்றார் தங்கம்மாள் ஆன்ட்டி.

"ஐயய்யோ, நீங்க தமிழா?" என்றார் மாமா.

"நீங்க தமிழா?" என்றாள் ஏஞ்சலா அக்கா.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏண்டா, இந்தப் பொண்ணோட போட்டோவைத்தானே ரெண்டு மாசமா உன் கண்ணு முன்னால நீட்டினேன்? பார்க்க மாட்டேன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே, இப்ப என்ன இந்தப் பார்வை?"

மாமா மூக்கில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். காது இன்னும் சிவந்தது. ஏஞ்சலா அக்கா பச்சை உறையைப் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டுக் கொசுவலையை மறுபடியும் முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். வலைக்குள் அவள் சிரிப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"நாளைக்கு மோல்மீன்காரங்களை வரவேண்டாம்னு சொல்லிடுங்க அத்தை" என்றாள்.

மணி அடித்தது. தங்கம்மாள் ஆன்ட்டிக்குக் கண் கூர்மை. "பையில இன்னும் ரெண்டு கடிதம் இருக்கே சாரா, அது யாருக்கு?"

மாமாவின் முகம் வெளுத்தது. ஏஞ்சலா அக்காவின் முகமும் வெளுத்திருக்கும். வலை மறைத்தது.

சாரா மஞ்சள் உறையையும் வெள்ளை உறையையும் எடுத்து, இரண்டின் மேலும் சிவப்புப் பென்சிலால் 'ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதினாள்.

"இந்த ரெண்டு பேரும் இன்னிக்குச் சந்தைக்கு வரல ஆன்ட்டி" என்றாள். விதிப்படி எதையும் பிரிக்கவில்லை. அப்படியே அடுப்புக்குள் போட்டாள்.

பிறகுதான் சாராவும் யமினும் ஆளுக்கொரு வடையோடு உட்கார்ந்தார்கள். யமின் ஒரு கடி கடித்தாள்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள், நல்ல தமிழில்.

சாராவின் வடை பாதி வழியில் நின்றது. ஒரே பெஞ்சில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்கள்!

"நீ... தமிழா? உன் வீட்டுல உன் பேரு என்ன?"

"ரஹீமா. உன் பேரு?"

"சாரா" என்றாள் சாரா. இரண்டு வருடத் தோழிகள் இருவரும் எண்ணெய்க் கையை நீட்டி, முதல் தடவையாகக் கை குலுக்கிக்கொண்டார்கள்.