கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி

பூவிழி பல் துலக்கி முடிப்பதற்குள் அவள் காதுக்குள் இருந்த குறைசொல்லி திட்ட ஆரம்பித்துவிட்டது.

"நேற்றைய நாரைப் படம், ஐம்பத்தொன்று. பின்னால் கட்டடம். கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை. காலில் நீலக் கோடு, அசிங்கம். திருத்தவும்."

அந்த ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் விடியும். வலது கண்ணில் விழிவில்லை பொருத்தியிருக்கும்; இரண்டு முறை சிமிட்டினால் படம். குறைசொல்லி மார்க் போடும். அறுபதுக்குக் கீழே வாங்கிய படம் ஊர்ப்பலகைக்குப் போகாது. ஊர்ப்பலகைக்குப் போகாத படத்தை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்.

பூவிழி காற்றில் விரலால் தேய்த்தாள். பின்னால் நின்ற அடுக்குமாடி போய் மூடுபனி வந்தது. நாரையின் கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்தாள். காலில் சுற்றியிருந்த நீல நூலையும் துடைத்தாள். எண்பத்தெட்டு.

தங்கை நிறைமதி எட்டிப் பார்த்தாள். "ஏய் அக்கா, நம்ம பில்டிங் எங்கடி?"

"நல்லா இல்ல. எடுத்துட்டேன்."

"உள்ள அம்மா தூங்கிட்டிருந்தாங்களே. அவங்களையும் சேர்த்தா?"

"போடி."

"அந்த நாரை நொண்டுதுடி. தூண்டில் நூல் காலை அறுக்குது."

"தெரியும். மீட்பி வந்து பாத்துக்கும்."

மீட்பி ஒரு பறக்கும் இயந்திரம். அடிபட்ட பறவைகளைத் தூக்கிப்போய் வைத்தியம் பார்க்கும். ஏரியைச் சுற்றி வேலி; மனிதர்கள் உள்ளே இறங்கக் கூடாது. வாயால் சொல்லும் புகாரை மீட்பி ஏற்காது. மனிதர்கள் பொய் சொல்வார்களாம், படம் சொல்லாதாம். அதனால் ஊர்ப்பலகைப் படங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்.

இது பூவிழிக்குத் தெரியாததல்ல. குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். துடைக்காத படத்தை வேறு யாராவது போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். ஊரில் அத்தனை பேரும் அதையேதான் நினைத்தார்கள்.

மறு வாரம் நாரை சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. கண் திறந்தே இருந்தது. நூலின் மறுமுனை நாணலில் சிக்கியிருக்க, அதன் பக்கத்திலேயே ஒரு இளநாரை மேய்ந்துகொண்டிருந்தது.

நிறைமதி வேலியைப் பிடித்தபடி நாரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் பூவிழிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"உள்ளதை உள்ளபடி போடறேன்டி. நூலு, பில்டிங்கு எல்லாம். மீட்பி வரட்டும். சின்னதையாவது காப்பாத்தட்டும்."

சிமிட்டினாள்.

"முப்பத்தொன்று," என்றது குறைசொல்லி. "கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை."

"செத்துப்போச்சு, சனியனே!"

"திருத்தவும்."

முப்பத்தொன்றை யார் பார்ப்பார்கள்? மீட்பியும் பார்க்காது. புள்ளி மட்டும் வைத்தாள். நாற்பத்து மூன்று. கட்டடத்தை லேசாக மங்கலாக்கினாள். ஐம்பத்து நான்கு. பிறகு நூல். முழுதாக அழிக்கவில்லை, அவ்வளவு மோசமானவள் இல்லை. சேற்றின் நிறத்துக்குக் கொஞ்சம் இறக்கினாள்.

தொண்ணூற்றிரண்டு.

ஊர்ப்பலகை பாராட்டுகளால் நிறைந்தது. 'என்ன ஒரு நிம்மதியான தூக்கம்!' என்று ஒருவர் உருகியிருந்தார். அதற்குக் கீழே மீட்பியின் பதில்: 'நாரை ஓய்வெடுக்கிறது. நலம். ஏரியில் உதவி தேவையில்லை.'

"அக்கா," என்றாள் நிறைமதி. "அங்க பாரு."

இளநாரை ஒரு காலைத் தூக்கியது. நீல நூலும் கூடவே எழுந்தது. கால் கீழே இறங்கவில்லை.

பூவிழிக்குக் கண்ணீர் முட்டியது. எதுவும் தெரியவில்லை. கண்ணைத் தெளிவாக்கிக்கொள்ளச் சிமிட்டினாள். இரண்டு முறை.

"அருமையான கோணம்," என்றது குறைசொல்லி. "காலில் நீலக் கோடு. திருத்தவும்."