இரண்டு பக்கமும் விழுந்த நாணயம்

செத்துப்போன மூன்று வருஷத்தில் மனைவி குமுதவல்லி தன்னை நாலாயிரம் தடவை திட்டியிருக்கிறாள், அதில் தொள்ளாயிரம் ரசத்துக்காக மட்டும் என்று சென்னியப்பன் கோயம்புத்தூர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். சுத்தப் பொய். ரசத்துக்கு ஐந்நூறைத் தாண்டியிருக்காது.

திட்டு வந்தது சமையல் மேடைமேல் இருந்த கிளைநோக்கிப் பெட்டி வழியாக. உலகம் இரண்டாகக் கிளை பிரியும்போது நாம் போகாத கிளையை அது காட்டும், பேசவும் விடும். தெருவே அதில் தன் நின்றுபோன கல்யாணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதை நம்பாத ஒரே ஆள் குமுதவல்லியின் தம்பி மணியரசு. தானோட்டி வண்டிகளுக்குத் துகள்நாணயம் செய்தவன். விபத்தில் ஓர் உயிரைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் வண்டி யாரையும் தேர்ந்தெடுக்காது. நாணயம் சுண்டுவதுபோல் ஓர் ஒளித்துகளைப் பாதி ஊடுருவும் கண்ணாடிமேல் விடும். ஊடுருவினால் இடப்பக்கம் மோதும், திரும்பினால் வலப்பக்கம். பாலக்காட்டுச் சாலையில் அது ஊடுருவியது. இடப்பக்கம் இருந்தவள் குமுதவல்லி, வலப்பக்கம் சென்னியப்பன்.

அன்று அவளுக்குத் திதி. மணியரசு வந்திருந்தான்.

“துகளை அளந்துட்டா ஒரே விடைதானுங் மச்சான். இன்னொன்னு நடக்கவே இல்லை. இந்தப் பெட்டி அக்காவோட பழைய பேச்சைத் தின்னுட்டு வாந்தி எடுக்குது.”

“அப்ப நீயே கேளு மாப்ள. பழசுல இல்லாததாக் கேளு.”

திரை வெளுத்தது. அங்கேயும் திதி. குமுதவல்லி இலை போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் சுவரில் மாலை போட்ட சென்னியப்பன் படம்.

“அந்தப் போட்டோவை மாத்துன்னு எத்தன தடவ சொல்றது? திருடன் மாதிரி இருக்கேன்.”

“இருக்கறதுதானுங்க போட்டோல வரும்.”

மணியரசு குறுக்கிட்டான். “அக்கா, சுடுகாட்டுல இருந்து வந்ததும் நான் என்ன சொன்னேன்?”

அவள் கை நின்றது. “தண்ணித்தொட்டிகிட்டத் தனியா நின்னே. ‘நல்லவேளை, நான் முடிவு பண்ணல’ன்னு சொன்னே. ஜன்னல் வழியாக் கேட்டுச்சு சாமி. அதுக்கப்புறம் நீ இந்தப் பக்கமே வரல.”

“ஜெயிச்சுட்டேன்!” என்று தொடையில் தட்டினார் சென்னியப்பன். பிறகுதான் மச்சினன் முகத்தைப் பார்த்தார். குமுதவல்லி செத்த அன்று அவன் சொன்னதும் அதே தொட்டியருகில், அதே வார்த்தை. இங்கே கேட்க ஜன்னலுக்குப் பின்னால் யாரும் இல்லை.

“அப்ப என் நாணயம் யாரையுமே காப்பாத்தல,” என்றான் மணியரசு மெதுவாக. “அங்க ஒருத்தர், இங்க ஒருத்தர்னு ரெண்டு பேரையும் கொன்னிருக்கு. ஒவ்வொரு வண்டியிலயும்.”

சென்னியப்பன் பெட்டியை அணைத்தார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பெருமையைத் தானே உடைக்கத் துணிந்தார்.

“அட, ஓட்டைப் பெட்டிடா மாப்ள. நாலாயிரமும் நான் விட்ட கதை. நீ சொன்னதுதான் சரி, ஒண்ணுதான் நடந்துச்சு. வா, சாப்பிடு.”

மணியரசு நகரவில்லை.

“இல்லீங் மச்சான். ரெண்டும் நடந்துச்சு.”